ரத்தம் கேட்டு தோட்டத்துக்கு வந்திருக்காங்க, குடுக்கலாமா?

தம்பி, நீங்க கேட்டத முதல்ல சுருக்கமா சொல்லிடுறேன், மத்தவங்களுக்கும் வெளங்கணும்ல. இலங்கையில மாத்தளை பக்கம் ஒங்க தோட்டத்துக்கு யூனிவர்சிட்டி மருத்துவ பீடத்துல இருந்து ஒரு டீம் வந்து காய்ச்சல் வந்தவங்ககிட்ட ரத்தம் எடுத்துட்டு போயிருக்காங்க, மூணு கெழம கழிச்சு திரும்ப வந்து அதே ஆளுங்ககிட்ட மறுபடியும் ரத்தம் கேக்குறாங்க, ஸ்கூல் புள்ளைங்களுக்கு சின்ன டப்பா குடுத்து மலம் கொண்டுவரச் சொல்லியிருக்காங்க, லயத்துல (தோட்டத்து வரிசை வீடுங்க) சுத்துற நாய்ங்க மேல இருந்து உண்ணி பொறுக்கி போத்தல்ல போட்டுட்டு போறாங்க. ரத்தத்த விக்கிறாங்கன்னு லயம் பூரா பேச்சு, ஒங்க அம்மா ரெண்டாவது தடவ கைய நீட்ட முடியாதுன்னுட்டாங்க. குடுக்கலாமா, குடுத்தா நமக்கு என்னா கெடைக்கும், இதுதான் ஒங்க கேள்வி.

குடுக்கலாம் தம்பி. குடுக்கணும்னே சொல்லுவேன். ஆனா கேக்க வேண்டியத கேட்டுட்டு குடுக்கணும். நான் டிக்கோயா பக்கம் லயத்துல பொறந்தவ, பதினாலு வருஷமா லேப் வேலை, அதுல ஆறு வருஷம் ஒரு மருத்துவ பீடத்துல ஒட்டுண்ணி ஆராய்ச்சி நடக்கிற எடத்துலதான் இருந்தேன், அதனால ரெண்டு பக்கமும் எனக்குத் தெரியும்.

அந்த விக்கிற கதைய முதல்ல பாப்போம். ஒங்க அம்மாகிட்ட எடுத்தது 5 மி.லி. இருக்கும், ஒரு தேக்கரண்டி அளவு. ரத்ததானம் பண்ணும்போது எடுக்கிறது 450 மி.லி., அது ஒறஞ்சு போகாம இருக்க மருந்து போட்ட பையில போகும், அப்பதான் இன்னொருத்தருக்கு ஏத்த முடியும். ஆராய்ச்சிக்கு எடுக்கிற செவப்பு மூடி டியூப்புல அந்த மருந்து கெடையாது, நாங்க வேணும்னே ஒறைய விடுவோம், அரை மணி நேரத்துல கெட்டியாயிடும், அப்புறம் வேகமா சுத்துற மெஷின்ல வெச்சா செவப்பு அடியில தங்கி மேல மஞ்சளா கொஞ்சம் தண்ணி நிக்கும். சீரம்னு சொல்றது அதத்தான், எங்களுக்கு வேணுங்கிறதும் அதுதான், அத மைனஸ் 80 டிகிரி பெட்டியில வெச்சுடுவோம். ஒறஞ்ச ரத்தத்த யாருக்கும் ஏத்தவும் முடியாது, காசு குடுத்து வாங்கவும் ஆள் இல்ல.

ஆனா பயப்படுறவங்கள ஏசாதீங்க. அந்த பயம் சும்மா வந்ததில்ல. தேயிலைக்கு முந்தின கோப்பி காலத்துல இந்தியாவுல இருந்து தோட்ட வேலைக்கு வந்து மன்னார்ல எறங்கி காட்டு வழியா மாத்தளைக்கு நடந்து வந்தவங்க காலராவுலயும் காய்ச்சல்லயும் வழியிலேயே செத்தாங்க, பொதைக்கக்கூட ஆள் இல்லாம விட்டுட்டு வந்தத பாட்டிமார் சொல்லி கேட்டிருப்பீங்க. அதுக்குப் பின்னாடி வந்தவங்கள மண்டபம் கேம்ப்புல நிறுத்தி சோதிச்சு ஊசி போட்டுத்தான் கப்பல் ஏத்துனாங்க. அந்தக் காலத்துல நம்ம ஒடம்ப தொட்டு பாத்தவங்க, இவன் வேலைக்கு ஆவானான்னுதான் பாத்தாங்க. அந்த ஞாபகம் மூணு தலைமுறைக்கு மேல ஆகியும் போகல. அதனால டீம்ல இருக்கிறவங்க பொறுமையா உக்காந்து வெளக்கணும், அது அவங்க கடமை.

இப்ப ரெண்டாவது தடவ ஏன்னு பாருங்க, ஒங்க அம்மா கேட்ட "மொத எடுத்தது பத்தலயா"ங்கிறது நல்ல கேள்வி. ஒரு கிருமி உள்ள வந்தா ஒடம்பு அதுக்கு எதிரா ஒண்ணு செய்யும், எதிர்ப்பொருள்னு பொஸ்தகத்துல இருக்கும். காய்ச்சல் வந்த மொத சில நாள்ல அது இருக்காது, இல்லாட்டி கொஞ்சமா இருக்கும், ரெண்டு மூணு கெழமையில ஏறும். இன்னொண்ணு, நம்ம மலையில அஞ்சு வருஷம் முன்னாடி அதே காய்ச்சல் வந்து தானா போயிருந்தாலும் ரத்தத்துல அந்த அடையாளம் கெடக்கும், ஒரே ஒரு தடவ பாத்தா அது பழசா புதுசான்னு சொல்ல முடியாது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாத்து, ரெண்டாவதுல நாலு மடங்கோ அதுக்கு மேலயோ ஏறியிருந்தாத்தான் இந்த தடவ வந்த காய்ச்சல் இதுதான்னு உறுதியா சொல்லலாம். ரெண்டாவது ரத்தம் இல்லாட்டி மொதல்ல எடுத்ததுல முக்காவாசி வீண். நான் வேலை செஞ்ச எடத்துல பெட்டி பெட்டியா அப்படி ஒத்த டியூப்பு கெடந்துச்சு, ஒவ்வொண்ணும் ஒரு அக்காவோ அண்ணனோ கைய நீட்டி குடுத்தது, அத பாக்குறப்பல்லாம் எனக்கு வயிறு எரியும்.

எலிக்காய்ச்சலுக்கு இந்த ரத்தத்த எப்படி பாக்குறாங்கன்னு சொன்னா ஒங்களுக்கு பிடிக்கும்னு நெனைக்கிறேன். லெப்டோஸ்பைரா கிருமிய உயிரோடயே வளத்து வெச்சிருப்பாங்க, ஒரு வகை இல்ல, பல வகை. ஒவ்வொரு வகையோடயும் நோயாளி சீரத்த தண்ணியாக்கி தண்ணியாக்கி கலந்து, பின்னணி கருப்பா தெரியிற நுணுக்குக்காட்டியில பாக்கணும். இருட்டு வானத்துல மெல்லிசு வெள்ளிக் கம்பி நெளியிற மாதிரி இருக்கும். அந்த ஆள் ரத்தத்துல எதிர்ப்பொருள் இருந்தா அந்தக் கம்பியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி கட்டி கட்டியா சேரும், பாதிக்கு பாதி சேர்ந்துச்சா இல்லையான்னு கண்ணால பாத்து எழுதணும், ஒரு நாள் பூரா பாத்தா கண்ணு கூசி தலை சுத்தும். 2008ல இலங்கையில எலிக்காய்ச்சல் பெருசா பரவி 7,000க்கு மேல ஆளுங்க பதிவானாங்க, 200க்கு மேல செத்தாங்க, வயல்ல எறங்குறவங்கதான் கூட. அதுலயிருந்து வயல் வேலைக்காரங்களுக்கு பி.எச்.ஐ. (பொது சுகாதார பரிசோதகர்) மூலமா வாரத்துக்கு ஒருக்கா டொக்ஸிசைக்ளின்ங்கிற ஆன்டிபயாடிக் மாத்திரை குடுக்கிறது இன்னும் கவனமா நடக்குது. தோட்டத்துல கான் (தண்ணி ஓடுற வாய்க்கால்) வெட்டுறவங்க, கால்ல வெடிப்போட சேத்துல நிக்கிறவங்க, இவங்களுக்கும் அதே ஆபத்து இருக்கு, ஆனா எலிக்காய்ச்சல்னாலே எல்லாருக்கும் வயல்தான் ஞாபகம் வருது.

இதுல இன்னொரு திருப்பம். எலிக்காய்ச்சல்னு சந்தேகப்பட்டு வார்ட்ல சேர்த்தவங்க ரத்தத்த ஆராய்ச்சிக்காரங்க திரும்ப சோதிச்சப்ப சில பேருக்கு லெப்டோஸ்பைரா இல்ல, ஹன்டா வைரஸுக்கான அடையாளம் இருந்துச்சு. அதுவும் எலிகிட்ட இருந்து வர்றதுதான், அதுவும் கிட்னியத்தான் தாக்கும், ஆனா வைரஸ்ங்கிறதால ஆன்டிபயாடிக் அத ஒண்ணும் பண்ணாது. படுக்கையில கெடக்கிற ஆள பாத்து மட்டும் ரெண்டையும் பிரிச்சு சொல்றது கஷ்டம், அதுக்குத்தான் லேப்.

உண்ணி பொறுக்குறத பாத்து சிரிச்சாங்கன்னு எழுதியிருந்தீங்க. சிரிக்க வேண்டாம்னு சொல்லுங்க, மலைநாட்டுக்கு அதுதான் ரொம்ப முக்கியம். உண்ணிக்காய்ச்சல் ரெண்டு மூணு வகை இருக்கு, பற்றைக்காட்டு பூச்சி கடிச்சு கருப்பு பொருக்கு விடுற வகை தாழ்ந்த பகுதியில கூட, கண்டி சுத்தி மலைப்பக்கம் கூடுதலா கண்டுபிடிச்சது உள்ளங்கை உள்ளங்கால்ல எல்லாம் புள்ளி போடுற வகை. பேராதனை மருத்துவ பீடம் 1962ல தொடங்குனது, அங்க பேராசிரியர் எஸ்.ஏ.எம். குலரத்னவும் அவரோட ஆளுங்களும் இந்தக் காய்ச்சல பத்தி நெறைய எழுதியிருக்காங்க, மூட்டு வீங்கி வாதம்னு நெனச்சு வந்தவங்க, தோல்ல பன்னம் எல மாதிரி கருத்த தழும்பு விழுந்தவங்க, இப்படி இங்க வந்த நோயாளிங்கள கவனிச்சு பதிஞ்சு வெச்சாங்க. அது ஏன் பெருசுன்னா, இந்த கிருமி நம்ம ஒடம்பு செல்லுக்குள்ளயே ஒளிஞ்சிருக்கிறது, சாதாரணமா காய்ச்சலுக்கு குடுக்கிற அமொக்ஸிசிலின் மாதிரி மருந்து அத தொடாது. பத்து நாள், பன்னிரண்டு நாள் காய்ச்சல் எரிஞ்சுகிட்டே இருக்கும். சரியா கண்டுபிடிச்சு டொக்ஸிசைக்ளின் குடுத்தா பெரும்பாலும் ரெண்டு நாள்ல காய்ச்சல் எறங்கிடும், வெல கொறஞ்ச மாத்திரை, எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்கு. அதுக்காக நீங்களே ஃபார்மஸியில வாங்கி முழுங்காதீங்க, கர்ப்பிணிங்க, சின்னப் புள்ளைங்க விஷயத்துல டாக்டர்தான் முடிவெடுக்கணும். எங்க எந்த உண்ணி இருக்கு, அதுக்குள்ள எந்த கிருமி இருக்குன்னு தெரிஞ்சாத்தான் டிஸ்பென்சரியில இருக்கிறவருக்கு ஏழாவது நாள் காய்ச்சல்ல அந்த யோசனை வரும். இஸ்தோப்புல (வீட்டு முன் திண்ணையில) புள்ளைங்களோட படுத்து கெடக்கிற நாய்தான் அந்த உண்ணிய சொமந்துகிட்டு இருக்கலாம்.

மலம் டப்பா விஷயம். புள்ளைங்க வெக்கப்படும், தெரியும். காலையில 7 மணிக்கே ஏன் கேக்குறாங்கன்னா, கொக்கிப்புழு முட்டை தாங்காது. சின்ன ஓட்டை போட்ட ஒரு தகட்டால 41.7 மி.கிராம் அளவு மலத்த எடுத்து கண்ணாடியில வெச்சு, கிளிசரின்ல ஊறின செலோபேன் துண்ட மேல ஒட்டி அமுக்கி பாப்போம், முட்டைய எண்ணி 24ஆல பெருக்குனா ஒரு கிராமுக்கு எத்தனைன்னு வந்துடும். வட்டப்புழு முட்டை மணிக்கணக்கா நிக்கும், கொக்கிப்புழு முட்டை அந்தக் கண்ணாடியில அரை மணி ஒரு மணிக்குள்ள கரைஞ்சு கண்ணுக்கே தெரியாம போயிடும், டப்பாவுலயே நேரமானாலும் கொறஞ்சு போகும். லேட்டா வந்த டப்பாவுல "புழு இல்ல"ன்னு எழுதுறோம்னு வைங்க, அந்த புள்ளைக்கு புழு இருக்கும், தாள்லதான் இருக்காது. கொக்கிப்புழு கொடல்ல கடிச்சு தொங்கிகிட்டு கொஞ்சம் கொஞ்சமா ரத்தம் குடிக்கிறது, மண்ணுல இருந்து பெரும்பாலும் வெறுங்கால் வழியாத்தான் ஏறும், அதுனால கொழுந்தெடுக்கிற பொம்பளைங்க மலையேறும்போது மூச்சு வாங்குறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கலாம். நம்ம அம்மாமார் "எனக்கு எப்பவும் அப்படித்தான்"னு சொல்லிட்டு அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) ஆயிடுமேன்னு வேலைக்கு போயிடுவாங்க.

ஒங்க மாத்தளைக்கும் இந்தப் புழுவுக்கும் பழைய கணக்கு இருக்கு தம்பி. 1916ல அமெரிக்காவோட ராக்ஃபெல்லர் அறக்கட்டளை ஆளுங்க இலங்கையில கொக்கிப்புழு ஒழிக்கிற வேலைய தொடங்குனது மாத்தளை பக்கத்து தோட்டங்கள்லதான். அப்பவும் இதே மாதிரி லயம் லயமா போயி மலம் சோதிச்சாங்க, ஓமத்து உப்பு மாதிரி கடுமையான மருந்துங்கள குடுத்தாங்க. பெரும்பாலானவங்களுக்கு புழு இருந்துச்சு. மருந்து வேலை செஞ்சுச்சு, ஆனா கக்கூஸ் கட்ட காசு செலவழிக்க தோட்டத் தொரைமார் பலருக்கு மனசில்ல, மருந்து குடிச்சவன் மறுபடி அதே தேயிலை மலையில அதே மண்ண மிதிச்சான், புழு திரும்ப ஏறுச்சு. கண்டுபிடிச்சதோட ஆராய்ச்சி முடிஞ்சுட்டா என்னா ஆகும்ங்கிறதுக்கு எனக்கு இதவிட தெளிவான உதாரணம் கெடைக்கல. ஸ்கூல்ல இப்ப பூச்சி மாத்திரை குடுக்கிறாங்க, நல்ல விஷயம், ஆனா பீலித் தண்ணியும் கக்கூஸும் சரியில்லாத லயத்துல மாத்திரை மட்டும் என்னா பண்ணும்.

மலேரியாவுல நாம ஜெயிச்சோம். 1934, 35ல மழை பொய்ச்சு ஆறெல்லாம் குட்டை குட்டையா நின்னு அதுல நுளம்பு பெருகி ஏறக்குறைய 80,000 பேர் செத்தாங்க. டிடிடி அடிச்சு அடிச்சு 1963ல நாடு பூரா 17 பேருக்குத்தான் மலேரியான்னு வந்துச்சு, முடிஞ்சுதுன்னு கைய கழுவுனாங்க, 1968, 69ல அஞ்சு லட்சத்துக்கு மேல ஆளுங்களுக்கு திரும்ப வந்துச்சு. அப்புறம் எத்தனையோ வருஷம் காய்ச்சல்னு வந்தவங்க வெரல குத்தி ஒரு சொட்டு கண்ணாடியில தடவி பாத்து பாத்து, நாட்டுக்குள்ளயே தொத்துன கடைசி ஆள் பதிவானது 2012 அக்டோபர்ல, 2016 செப்டம்பர்ல மலேரியா இல்லாத நாடுன்னு உலக சுகாதார அமைப்பு சான்றிதழ் குடுத்துச்சு. பேரு தெரியாத லட்சக்கணக்கான ஆளுங்க வெரல நீட்டுனாங்க தம்பி, அந்த சொட்டு இல்லாம அந்த சான்றிதழ் இல்ல.

நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். தேடுற எடத்துலதான் நோய் கெடைக்கும். மெலியோய்டோசிஸ்னு ஒரு வியாதி, மண்ணுலயும் சேத்துத்தண்ணியிலும் இருக்கிற பாக்டீரியா, சக்கரை வியாதிக்காரங்கள முக்கியமா பிடிக்கும், நுரையீரல்ல, ஈரல்ல சீழ் கட்டும். இலங்கையில 1927லயே ஒருத்தருக்கு இருந்தது எழுதி வெச்சிருக்கு, ஒரு வெள்ளைக்கார தேயிலை புரோக்கர். அதுக்கப்புறம் எத்தனையோ வருஷம் இங்க அது இல்லாத வியாதி மாதிரியே இருந்துச்சு. 2006க்கு பிறகு கொழும்பு மருத்துவ பீடத்துல பேராசிரியர் ஏனோக்கா கொரியா மாதிரி ஆளுங்க ஆஸ்பத்திரி லேப்புங்ககிட்ட சொல்லி வெச்சு, சந்தேகமான கிருமி வளர்ந்தா தூக்கி போடாம அனுப்புங்கன்னு கேட்டு வாங்கி சோதிக்க ஆரம்பிச்சாங்க, நூத்துக்கணக்குல நோயாளிங்க வெளிய வந்தாங்க, வயல்ல வேலை செய்றவங்க, சாதாரண ஜனங்க. வியாதி அன்னைக்கு வந்ததில்ல, முன்னாடியே இருந்துச்சு, வேற பேர்ல ஆளுங்க செத்துகிட்டு இருந்தாங்க. வெள்ளைக்காரர் ஒருத்தருக்கு வந்தப்ப இங்க எழுதி வெச்ச வியாதி, அவர் வித்த தேயிலைய கிள்ளுனவங்கள்ல யாருக்காச்சும் வந்துச்சான்னு அன்னைக்கு யார் பாத்தா?

தோட்டம் ஆராய்ச்சியில இல்லாட்டி தோட்டத்து வியாதி தாள்ல இல்ல. தாள்ல இல்லாத வியாதிக்கு மருந்தும் அனுப்ப மாட்டாங்க, ஆளும் போட மாட்டாங்க. அதனாலதான் குடுங்கன்னு சொல்றேன்.

இதுல பாஷை ஒரு பெரிய விஷயம், யாரும் அதிகமா பேசுறதில்ல. வர்ற டீம்ல தமிழ் தெரிஞ்சவங்க ஒருத்தர் ரெண்டு பேர் இருப்பாங்க, கேள்வித்தாள இங்கிலீஷ்ல இருந்து தமிழாக்கி வெச்சிருப்பாங்க, "தசை வலி உண்டா"ன்னு இருக்கும். எங்க அத்தை மாதிரி ஒரு ஆள் அதுக்கு இல்லன்னுதான் சொல்லுவாங்க. "கால் ஒளையுதா, கெண்டைச்சதை பிடிச்சு இழுக்குதா"ன்னு கேட்டா ஆமா தாயீ ராத்திரி பூரா தூங்கலன்னு சொல்லுவாங்க. எலிக்காய்ச்சலுக்கு கெண்டைக்கால் வலி முக்கியமான அடையாளம், ஒரு தப்பான வார்த்தையில அது போச்சு. "மேலு காங்கையா இருக்கு"ங்கிறதுக்கும் "காய்ச்சல் அடிக்குது"ங்கிறதுக்கும் வித்தியாசம் நமக்குத்தான் தெரியும். நீங்க ஏ.எல். முடிச்சிருக்கேன்னு எழுதியிருந்தீங்க, அந்த டீம்கிட்ட போயி மொழிபெயர்க்க நான் கூட வர்றேன்னு சொல்லுங்க, நெசமாவே சொல்றேன், பெரிய ஒதவி அது.

இனி கேக்க வேண்டியது. இத கொஞ்சம் கோபத்தோடதான் எழுதுறேன். நான் ஏழாம் வகுப்பு படிக்கிறப்ப எங்க தோட்டத்துக்கும் ஒரு டீம் வந்துச்சு, எங்க அம்மாகிட்ட ரத்தம், எங்ககிட்ட மலம், ரெண்டு வருஷம் வந்தாங்க. ரிசல்ட் ஒண்ணும் வரல. அம்மாவுக்கு ரத்தம் ரொம்ப கொறைவுன்னு எங்களுக்கு தெரிஞ்சது ஆறு வருஷம் கழிச்சு, தம்பி பொறந்தப்ப லேபர் ரூம்ல, கிட்டத்தட்ட அவங்கள இழந்திருப்போம். அந்த டீம் தாள்ல அவங்க ஒரு நம்பரா மட்டும் இருந்திருப்பாங்க. பின்னாடி நானே லேப்புக்கு போயி அப்படி நம்பருங்கள எழுதுன மொத நாள் அழுகை வந்துச்சு.

அதனால கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி தமிழ்ல தகவல் தாள் கேளுங்க, சம்மதக் கடிதத்தோட அது கட்டாயம் இருக்கணும். மருத்துவ பீடத்துல இருக்கிற நெறிமுறைக் குழு அனுமதி நம்பர் அதுல இருக்கும், யார்கிட்ட முறைப்பாடு பண்றதுன்னும் இருக்கும். வாசிக்கத் தெரியாதவங்களுக்கு சத்தமா வாசிச்சு காட்டணும். எப்ப வேணும்னாலும் வேணாம்னு வெலகலாம், வெலகுனதுக்காக டிஸ்பென்சரியிலயோ ஆஸ்பத்திரியிலயோ ஒரு கொறையும் வரக்கூடாது, தோட்டத்து ஆபீஸ்ல சொல்லிடுவாங்களோன்னு பயப்படவும் வேணாம், பேர் வெளிய போகக்கூடாதுங்கிறது விதி. தொரை சொன்னாரு கங்காணி சொன்னாருன்னு யாரும் காலையில வேலை பிரிக்கிற பிரட்டுல நிக்கிற மாதிரி வரிசையில நிக்க வேண்டியதில்ல, அப்படி கொண்டு வந்து நிறுத்துனா அது சம்மதமே இல்ல. மிச்ச ரத்தத்த எத்தன வருஷம் வெச்சிருப்பீங்க, வேற ஆராய்ச்சிக்கு எடுப்பீங்களா, வெளிநாட்டுக்கு அனுப்புவீங்களான்னு கேளுங்க, அதுக்கு தனியா சம்மதம் வாங்கணும். ரிசல்ட் எப்ப, யார் மூலமா வரும்னு தேதியோட கேளுங்க, புள்ளைக்கு புழு இருந்தா யார் மருந்து குடுப்பாங்கன்னும் கேளுங்க. நல்ல ஆராய்ச்சிக்காரங்க இதுக்கெல்லாம் கோவிச்சுக்க மாட்டாங்க, சந்தோஷப்படுவாங்க.

எல்லாம் கேட்டும் ஒண்ண நான் மறைக்க மாட்டேன், ஒங்க அம்மா குடுக்கிற அந்த 5 மி.லி.யால ஒங்க அம்மாவுக்கு நேரடியா ஒண்ணும் கெடைக்காம போகலாம். பலன் வர்றதுக்கு வருஷங்கள் ஆகும், அது பக்கத்து தோட்டத்துல பொறக்கப்போற புள்ளைக்கு போயி சேரலாம். அத அம்மாகிட்ட அப்படியே சொல்லுங்க, புரிஞ்சுக்குவாங்க, முத்துமாரியம்மனுக்கு பால்குடம் எடுக்கிறவங்க ஊருக்கும் சேர்த்துத்தானே வேண்டிக்கிறாங்க.

அப்புறம் ஒரு விஷயம், அடுத்த தடவ வர்றப்ப செவப்பு மூடி டியூப்போட ஊதா மூடி டியூப்பும் இருக்கான்னு பாருங்க. ஊதா மூடியில ரத்தம் ஒறையாது, அதுல ஹீமோகுளோபின் பாக்கலாம். அம்மாவுக்கு அதையும் பாத்து நம்பர ஒரு துண்டுல எழுதி கையில குடுக்க சொல்லுங்க, 12க்கு கீழ இருந்தா அந்தத் துண்ட எடுத்துகிட்டு அதே கெழமையில கிளினிக் போங்க. எவ்வளவு வந்துச்சுன்னு எனக்கும் எழுதுங்க தம்பி.